என் அலுமாரியில் உன் வலது கை

நிரோசன்,

உன் சாமி நேற்று அலுமாரிக்கு மேலிருந்து விழுந்துவிட்டது. பெரிய சேதம் ஒன்றும் இல்லை. இடது கொம்பின் நுனி கொஞ்சம் சிராய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தூசி தட்டும் துணி அதன் கத்தியில் சிக்கியது, நான் இழுத்தேன், அது துணியோடு வந்தது. உன் கோபத்துக்குப் பயந்து இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. விழுந்ததை எடுத்து நிமிர்த்தி வைத்தபோது, இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குத்தான் விசர் பிடிக்கும் என்று தோன்றியது. நான் அனுப்பும் குரல்பதிவுகளை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று சிந்து சொன்னாள். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், எழுத்துக் கூட்டியாவது படி. இதை உறையிலிட்டு ஒட்டவும் போவதில்லை. உன் மனைவி படிக்கட்டும். உன்னைப்போல் தன்னைத் தானே தேடிக்கொண்டு திரிகிற மற்றப் பிள்ளைகள் படிக்கட்டும், அவர்களைப் பெற்ற பாவத்துக்கு அவர்களுடைய தாய்மாரும் படிக்கட்டும்.

அவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். நீ ஜேர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில் மென்பொருள் வேலை பார்த்தாய். அங்கேயே வேலை பார்த்த கோயம்புத்தூர்ப் பிள்ளை சிந்துவைக் கல்யாணம் செய்தாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, என்னை மாமி என்று கூப்பிடாமல் அத்தை என்று கூப்பிடுகிறாள், அதுவும் பழகிவிட்டது. முந்தின வருடம் அப்பா காலமானார். அதற்குப் பிறகு உனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அதை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் ஒட்டவில்லைதான், ஆனால் நான் காலையில் எழும்பிப் பேருந்து பிடிக்கவேண்டியிருந்தது. நீ ஓடன்வால்ட் காட்டுப் பக்கம் ஒரு வார இறுதிப் பட்டறைக்குப் போனாய். நடத்துகிறவர் ஹோல்கர் என்கிற டொச்சுக்காரர், இந்த நாட்டு வெள்ளைக்காரர். நைஜீரியாவில் இருக்கும் இக்போ மக்களுடைய பழைய வழிபாட்டின் மூலம் உன் வாழ்க்கையின் நோக்கத்தை உனக்குக் கண்டுபிடித்துத் தருவாராம். போகும்போது துக்கம் பிடித்த ஒரு பிள்ளையாகப் போனாய். வரும்போது ஒரு மரப்பொம்மையோடு வந்தாய்.

இக்கெங்கா என்று அதற்குப் பெயர் சொன்னாய். கொம்பு வைத்த தலை, வலது கையில் கத்தி. ஒரு மனிதனுடைய வலது கையின் பலமும் எடுத்த காரியத்தை முடிக்கிற துணிவும் அதில் குடியிருக்கும் என்றாய். அதை நீயே செதுக்கியதாகப் பெருமையாகச் சொன்னாய். அதுதான் கத்தி கரண்டிபோல் இருக்கிறது. பிறகு என்னைக் கதிரையில் இருத்தி 'சி' பற்றி விளக்கினாய். ஒவ்வொருவருக்கும் சி என்றொரு சொந்தத் தெய்வம் உண்டு, பிறப்பதற்கு முன் அதனோடு பேசி இன்ன காரியத்துக்காகப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் வருகிறோம், வந்தபின் மறந்துவிடுகிறோம், அதை நினைவுபடுத்திக்கொள்வதுதான் வாழ்க்கை என்றாய். பெயரைக் கேட்டதும் எனக்கு வந்த சிரிப்பை நீ இன்னும் மன்னிக்கவில்லை. தமிழ் தெரிந்த எவளுக்கும் அந்தச் சிரிப்பு வரும். சிரித்து முடிந்த பிறகு யோசித்தேன், சொன்ன விசயம் மோசமில்லை. தலையெழுத்து என்று நாங்கள் சொல்வதைவிட மரியாதையாகத்தான் இருக்கிறது. எங்களுடையதை எழுதியவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவர்களுடையது கேட்டிருக்கிறது. ஆகவே இன்னொரு சனத்தின் தெய்வத்தை நான் இகழ்கிறேன் என்று சிந்துவிடம் போய்ப் புலம்பாதே. நான் இகழ்வது உன்னைத்தான். அதில் ஒரு குழப்பமும் வேண்டாம்.

பொம்மையோடு நின்றிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். நீ காலையில் எழும்பிக் கை கழுவி, வழிபாடு என்று என் வரவேற்பறை நிலத்தில் வெள்ளைக் கட்டியால் நாலு கோடு கீறினாய். அப்பா தன் கையால் முட்டுக்கால் நோக நோகப் பதித்த நிலம் அது. கோடு இன்னும் முழுக்கப் போகவில்லை, பலகைகளின் இடுக்கில் நிற்கிறது. பிறகு கிழமை நாட்களை விட்டுவிட்டு நாலு நாள் கொண்ட சந்தை வாரத்துக்கு மாறினாய். அவர்களுடைய ஊரில் சந்தை கூடுகிற நாட்கள் அவை. வால்டோர்ஃபில் உனக்கு எந்தச் சந்தை கூடுகிறது? அந்த நாலு நாள் கணக்கில் செவ்வாய்க்கிழமை எங்கேயோ தவறிவிட்டது, சிந்துவோடு பிரசவ வகுப்புக்குப் போகக் குறித்த நேரம், டெர்மின், அதோடு போனது. மற்றப் பெண்களுக்குப் பின்னால் புருசன்மார் இருந்து முதுகைத் தாங்க, உன் மனைவி சுவரில் சாய்ந்து மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு வந்தாள். என்னிடம் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்கவேண்டும்.

போன மாதம் எசனுக்கு என் வீட்டுக்கு வந்தபோது, நான் புட்டு அவித்துக்கொண்டு நிற்க, நீ சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு விசயத்தைப் போட்டாய்.

"அம்மா, நான் நைஜீரியாவுக்குப் போறன். நாலு மாதம். அங்க ஒருத்தரிட்ட இருந்து முழுக்கச் செய்யவேணும்."

"சிந்துவுக்கு யூலையில பிள்ளை பிறக்குது."

"அவளோட கதைச்சிட்டன். அவளுக்கு விளங்குது."

"என்ன விளங்குது?"

"இதைச் செய்யாட்டி நான் முழு மனுசனா இருக்க ஏலாது எண்டு. என்ர சி என்னை என்னத்துக்கு அனுப்பினது எண்டு தெரியாமல், நான் எப்பிடியம்மா ஒரு பிள்ளைக்கு அப்பாவா இருக்கிறது? அப்பா செத்த பிறகு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து வெளியால பாத்துக்கொண்டு இருக்கிறன்."

இதை நீ சொல்லும்போது உன் குரல் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இருக்கும் குரல். உன் தலையைத் தடவவேண்டும்போல் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "சாப்பிடு, ஆறப்போகுது" என்றேன். ஏனென்றால் அதற்குமேல் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே இந்தக் கடிதம் முழுவதையும் கத்தியிருப்பேன், மேல்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிட்டிருப்பார்.

நீ போனதும் சிந்துவுக்குத் தொலைபேசி அடித்தேன். உனக்கு விளங்குதாமே என்று கேட்டேன்.

"புரியுதுன்னு நான் எங்க அத்தை சொன்னேன்? ஓகேன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?" என்றாள். "ஜர்னி, ஜர்னின்னு பேசறவர்கிட்ட வேற என்ன சொல்றது? எங்கம்மாவுக்கு விசா அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்கல. டெலிவரிக்கு நானே டாக்ஸி புடிச்சுப் போய்க்கறேன். எல்லாரும் போகலையா என்ன."

டாக்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் நீ பிறந்த நாள் கண்முன் வந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போன உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பொம்மையை நைஜீரியாவுக்குக் கொண்டுபோகக் கூடாதென்று ஹோல்கர் சொன்னாராம். சிந்து அதைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்க மறுத்துவிட்டாளாம், நல்ல பிள்ளை. ஆகவே நான் பார்க்கவேண்டுமாம். காலையில், அவர்கள் பாக்குப்போல் மெல்லுகிற கோலாக் கொட்டையில் ஒரு துண்டு, சாராயத்தில் ஒரு சின்னக் கோப்பை. மகனுடைய வலது கைக்குத் தாய் சாராயம் ஊட்டவேண்டும். வாழ்க்கையில் சுப்பர்மார்க்கெட்டில் மதுபானத் தட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காதவள் நான். போய் மலிவான கோர்ன் சாராயப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால், காசாளர் மேசையில் இருப்பவள் எங்கள் கோயிலுக்கு வரும் பரிமளக்காவின் மகள். "அன்ரி, விருந்தாளி வருகினமோ?" என்றாள். ஓம் என்றேன். போத்தல் முடிந்து அடுத்ததற்குப் போனேன், அன்றைக்கும் அவள்தான். இந்த முறை போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கோயிலில் இப்போது சனம் என்னிடம் மெதுவாகவும் இரக்கமாகவும் கதைக்கிறது. மனுசன் செத்த கவலையில் குடிக்கத் தொடங்கிவிட்டேனாம். உன் ஆன்மிகம் இந்தக் குடும்பத்துக்குத் தேடித்தந்த முதல் பலன் இதுதான்.

என் முன்வீட்டில் இருக்கும் இஃபியோமாவை உனக்குத் தெரியும். மாடிப்படியில் கண்டால் ஹலோ சொல்லிவிட்டு ஓடுவாய். பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் படிப்பிக்கிறாள். அவள் இக்போப் பெண். இக்போ வழியில் வாழ்க்கையைத் தேடி ஓடன்வால்ட் வரை போன என் மகன், தாயின் வீட்டுக் கதவுக்கு நேரே இருக்கும் கதவை ஒருநாள் தட்டிப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் அவள் முகத்தில் அடித்த மாதிரி ஏதும் சொல்லியிருப்பாள் என்ற பயமோ என்னவோ. அல்லது ஹோல்கர் போடுகிற மாதிரிச் சிவப்புத் தொப்பி அவளிடம் இல்லை என்பதாலோ.

அவள் ஒரு சனிக்கிழமை என் சலவைத்தூளைக் கடன் கேட்டு வந்தாள். சமையலறை மேசையில் கோலாக் கொட்டையும் கோர்ன் போத்தலும் இருந்தன. நின்றபடியே பார்த்தாள், பிறகு கதிரையை இழுத்து இருந்தாள். நாங்கள் கதைப்பது ஜேர்மன் மொழியான டொச்சில்தான், ஆனால் அவளை இந்தக் கடிதத்தில் எங்கள் தமிழிலேயே கதைக்க விடுகிறேன். அவளுடைய கதைக்கு அது நன்றாகப் பொருந்தும்.

"இது ஆருக்கு?" என்றாள்.

நான் அலுமாரிக்கு மேலே காட்டினேன். விசயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். சும்மா சிரிப்பில்லை, மேசையில் தலையை வைத்து, மூக்குத் துடைத்து, திரும்பவும் பொம்மையைப் பார்த்து, திரும்பவும் சிரித்தாள்.

"எங்கட ஊரில கோலாக் கொட்டையைப் பொம்பிளையள் உடைக்கிறதில்லை," என்றாள். "அது ஆம்பிளையளின்ர சோலி. இக்கெங்காவும் ஆம்பிளை தன்ர கையால பாக்கிற சாமான். தாயைக் கொண்டு தன்ர வலது கைக்குச் சாராயம் தீத்துற முதல் ஆம்பிளை உங்கட மோன்தான்."

நான் ஹோல்கரின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். சிங்கத்தலை அச்சடித்த வெல்வெட் சட்டை, தலையில் சிவப்புத் தொப்பி, கையில் தடி. அதோடு அவளுடைய சிரிப்பு நின்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "சிவப்புத் தொப்பி பட்டம் வாங்கின ஆக்கள் போடுறது. இவருக்கு ஆர் குடுத்தது?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் கோயிலிலும் யார் யாருக்கோ பொன்னாடை போர்த்துகிறார்கள், யார் கொடுத்த தகுதி என்று நான் கேட்டேனா? ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னைப் பெற்றதற்காக.

அவள் ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறவள். இந்தப் பழைய விசயங்கள் தனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், ஊருக்கு ஊர் வேறுபடும், கிறிஸ்தவர்களானபோது வீட்டிலேயே பாதியை எரித்துவிட்டார்கள், மீதியைப் பற்றி யாரும் கதைப்பதில்லை என்றாள். இருந்தும் அன்று கிளம்பும்போது, கதவில் கை வைத்தபடி ஒன்று கேட்டாள்.

"மருமகளுக்கு எப்ப பிள்ளை?"

சொன்னேன். உன் பயணத்தையும் சொன்னேன். அவள் திரும்பி வந்து மறுபடியும் இருந்தாள்.

"என்ன விசர்க்கதை இது? என்ர தகப்பன்ர ஊரில ஒருத்தருக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் அவரின்ர சி தெய்வத்துக்கு வீட்டு முற்றத்தில ஒரு இடம் குடுக்கிறது. அதுவரைக்கும் ஒண்டும் இல்லை. பிள்ளை பிறந்த உடன, திரும்பி வந்திருக்கிறது ஆர், எந்த முன்னோர் எண்டு குறி கேக்கப் போறதும் தகப்பன்தான். உங்கட மோன் எல்லாத்தையும் பின்பக்கத்தால தொடங்கியிருக்கிறான்."

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? நீ தேடுகிற சாமான் சிந்துவின் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு அதைத் தேடிப் போவதற்கு விமானச்சீட்டு எடுத்திருக்கிறாய். ஊரிலே எருமை மேய்க்கப் போகிறவனுக்குக்கூட இதைவிடக் கூடிய திசையறிவு இருக்கும். கணினிக்கு ஆயிரம் வரி எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, எது முதல், எது பிறகு என்று தெரியவில்லை. நான் உன்னை மிருதங்க வகுப்பு, கணக்கு வகுப்பு, நீச்சல் வகுப்பு, பண்ணிசை வகுப்பு என்று இழுத்துக்கொண்டு திரிந்தேன். எதற்கும் ஒரு வகுப்பு இருக்கிறது, போய்ச் சேர்ந்தால் கிடைத்துவிடும் என்று உனக்குப் பழக்கியது நான்தான்போல. தகப்பனாவதற்கும் வகுப்பு இருந்தது. அதற்குத்தான் நீ போகவில்லை.

இனி டாக்ஸிக் கதை. பாதி உனக்குத் தெரியும், நான் விருந்துகளில் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்த பாதி. நீ பிறந்த ஆண்டு கோயில் திருவிழாவில் உன் அப்பா காவடி எடுத்தார். எனக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று நேர்த்திக்கடன். முதுகில் செடில் கொக்கி குத்தி எடுக்கும் காவடி. டொக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் நிறைய நாள் இருந்ததால் பயமில்லாமல் போனார். அன்றைக்கே எனக்குப் பிரசவ நோ வந்துவிட்டது. அப்போது கைபேசி ஏது? கீழ்வீட்டுத் தொலைபேசியிலிருந்து கோயில் மண்டபத்துக்கு அடித்தேன். யாரோ ஒருவர் எடுத்தார். பின்னால் மேளச்சத்தம் காதை அடைத்தது. "அவர் காவடியில நிக்கிறார், தங்கச்சி. இப்ப கூப்பிட ஏலாது," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்காக எடுக்கிற காவடியிலிருந்து எனக்காக இறங்க முடியாது. இதை எந்த விசரன் கண்டுபிடித்தான் என்று நான் அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

டாக்ஸிக்காரர் தன் இருக்கை பழுதாகிவிடும் என்று பத்திரிகைத் தாளை விரித்துவிட்டுத்தான் என்னை ஏற்றினார். ஒவ்வொரு சிக்னலிலும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், என்னையல்ல, தாளைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எனக்கு விளங்காத டொச்சில் ஏதோ சொன்னார்கள், நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்று தமிழில் சொன்னேன். பிடிப்பதற்குக் கட்டில் கம்பி இருந்தது. குளிர்ந்த கம்பி. முருகன் நேர்த்தியை ஏற்றுக்கொண்டார், சுகப்பிரசவம்தான், ஆளை மட்டும் அனுப்பவில்லை.

அப்பா பின்னேரம் ஓடிவந்தார். வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மேலே அவசரத்துக்கு மாட்டிய வெள்ளைச் சட்டை. சட்டையின் முதுகில் வரிசை வரிசையாக இரத்தப் பொட்டு. வாசலில் நின்ற தாதி பயந்துபோனாள். எங்கள் சனம் இருந்த அகதி முகாம்களுக்கு இந்த நாட்டு இனவெறியர்கள் நெருப்பு வைத்துத் திரிந்த காலம் அது. யார் உங்களை இப்படிச் செய்தது, பயப்படாமல் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவருக்குத் தெரிந்த டொச்சில் கடவுள் என்பதற்கு மட்டும் சொல் இருந்தது. "கொட், கொட்" என்றிருக்கிறார். அவள் வலியில் பிரார்த்திக்கிறார் என்று நினைத்து, சக்கர நாற்காலியில் இருத்தி அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். டெட்டனஸ் ஏற்பு ஊசி போட்டு, ஒவ்வொரு துளைக்கும் மருந்து கட்டி, பொலிசுக்குச் சொல்லவேண்டுமா என்று மொழிபெயர்ப்பாளர் தேடி, எல்லாம் முடிந்து அவர் என் அறைக்கு வந்தபோது நீ உலகத்தைப் பார்த்து, கத்தி, குடித்து, தூங்கியும் விட்டாய். அவரால் கதிரையில் சாய முடியவில்லை. நுனியில் இருந்துகொண்டு உன்னைப் பார்த்தார். உன்னைத் தூக்கவும் அவருக்குக் கை உயரவில்லை.

சனத்துக்கு இதுவரைதான் சொல்வேன். சக்கர நாற்காலியில் எல்லோரும் சிரித்துவிடுவார்கள், அப்பாவும் சிரிப்பார். மீதியை யாரும் கேட்டதில்லை. அதன் பிறகு அவர் காவடி எடுக்கவே இல்லை. திருவிழாவுக்குப் போவோம், மற்றவர்கள் ஆடுவார்கள், அவர் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நிற்பார். நீ சின்னவனாக இருந்தபோது நீச்சல்குளத்தில் அவருடைய முதுகைத் தடவி, அப்பா இது என்ன என்று கேட்டாய். "அது நீ பிறந்த தழும்பு," என்றார். நீ அதை நம்பி, பிள்ளைகள் தகப்பனின் முதுகிலிருந்துதான் வெளியே வருகிறார்கள் என்று பாலர் பாடசாலையில் போய்ச் சொல்ல, ஆசிரியை எனக்கு டெர்மின் தந்து கூப்பிட்டு விசாரித்தாள். நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தேன். அப்பா வீட்டில் அதைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அந்த மனிதனுக்குத் தன் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று தெரியாது. கேட்டால், உப்பு இருக்கா பார் என்று சமையலறைக்குள் போயிருப்பார். அவரை நான் தெய்வமாக்கப் போவதில்லை. கோயில் நிர்வாகச் சண்டையில் அவர் வீணாக்கிய ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்தால் இன்னொரு வீடு கட்டியிருக்கலாம். ஆனால் அவர் ஒரு நாள், ஒரே ஒரு பகல், சாமிக்காகப் பெண்சாதி பக்கத்தில் நிற்காமல் விட்டார். அதை வாழ்நாள் முழுக்க முதுகில் வைத்துக்கொண்டு திரிந்தார். நீ நாலு மாதம் கேட்கிறாய். அவருக்கு அது தெரியாமல் நேர்ந்தது. உனக்கு நாள் தெரியும், மாதம் தெரியும், ஸ்கேன் படம் கைபேசியில் இருக்கிறது, தெரிந்துகொண்டே போகிறாய். போய்விட்டு வந்து என்ன சொல்லப்போகிறாய்? என் வாழ்க்கையின் நோக்கம் உன்னை வளர்ப்பது என்று ஒரு சாமியார் கண்டுபிடித்தார் செல்லமே, அதைக் கேட்கப் போன இடத்தில் நீ பிறந்துவிட்டாய் என்றா?

இஃபியோமா சொன்ன ஒன்றுதான் மனதைவிட்டுப் போகவில்லை. பிறக்கிற பிள்ளையாக யார் திரும்பி வந்திருக்கிறார் என்று தகப்பன் கேட்கப் போவானாம். எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று கேட்காதே. மனுசன் செத்த வீட்டில் தனியாக இருக்கிறவளுக்கு நம்பிக்கை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஒருவேளை உன் அப்பாவே வந்தால்? அந்த மனிதன் அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்து, கண்ணை விழித்துப் பார்த்தால், மறுபடியும் ஒரு தகப்பன் கோயிலில் நிற்கிறான். சிரிப்பாரா அழுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. பொம்மை விழுந்தது அந்த நேரத்தில்தான், துணி சிக்கியது கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆகவே கேள். வியாழக்கிழமை வால்டோர்ஃபுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையைச் சிந்துவோடு இருந்து அடுக்கப்போகிறேன், தவறிய பிரசவ வகுப்புக்கு வேறு டெர்மின் எடுக்க அவள் கேட்டு வைத்திருக்கிறாள், அதற்கு நீ போகிறாய். நைஜீரியா எங்கேயும் ஓடிவிடாது. உண்மையிலேயே உனக்கு அது வேண்டுமென்றால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று பேருமாகப் போங்கள், இஃபியோமா தன் அண்ணன் வீட்டில் இடம் கேட்டுத் தருவதாகச் சொல்கிறாள். அவர் தொப்பி போடுவதில்லையாம். உன் பொம்மையை நான் கொண்டுவரமாட்டேன். அது அலுமாரிக்கு மேலேயே இருக்கட்டும். கோர்ன் இனிக் கிடையாது, பரிமளக்காவின் மகளுக்கு முகம் கொடுக்க என்னால் ஏலாது. பிள்ளை பிறந்த பிறகு நீ நேரே வந்து அதை எடுத்துக்கொண்டு போ. என் நிலத்தில் நாலு கோடும் கீறு, நான் துடைக்கமாட்டேன். ஆனால் பிள்ளை பிறக்கிற நேரத்தில் நீ அந்த அறையில் இல்லையென்றால், உதவாத இக்கெங்காவை என்ன செய்வார்கள் என்று இஃபியோமாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். பிளந்து விறகாக்கிவிடுவார்களாம். எனக்குப் பால்கனியில் கிறில் அடுப்பு இருக்கிறது, அவள் கோழி கொண்டுவருவாள்.

நோ வரும்போது பிடிக்க ஒரு கை வேண்டும், நிரோசன். எனக்குக் கிடைத்தது கம்பி. உன்னுடைய வலது கை என் அலுமாரியில் இல்லை, உன் தோளில்தான் தொங்குகிறது. அதைக் கொண்டுபோய்ச் சிந்துவிடம் கொடு. நசுக்குவாள். நசுக்கட்டும்.

அம்மா